முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக்: ஒரு ப்ரீமெட் மாணவியின் பாடத் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் ப்ரீமெட் மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். மாணவியும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஆண்டையும் ஊரையும் எடுத்துவிட்டு, சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாடங்கள், கிரெடிட் கணக்கு, எடுத்த முடிவுகளின் வரிசை ஆகியவற்றில் கை வைக்கவில்லை.

பின்னணி

மாணவிக்கு அப்போது வயது 18. பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில். அப்பா ஈரோட்டுப் பக்கம், மென்பொருள் வேலை. அம்மா ஒரு மருந்தகத்தில் டெக்னீஷியன். வீட்டில் யாரும் மருத்துவர் இல்லை. பெண் டாக்டராக வேண்டும் என்பது பெற்றோர் மட்டும் கண்ட கனவு என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் படிக்கும்போதே இரண்டு கோடை விடுமுறைகளை ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வலராகக் கழித்தவள் அவள்.

நம் ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், நீட் போல ஒரு தேர்வெழுதி, நேரே ஐந்தரை ஆண்டு எம்பிபிஎஸ்ஸில் சேரும் வழி பொதுவாகக் கிடையாது. முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம், அதன் பிறகு நான்காண்டு மருத்துவக் கல்லூரி. பள்ளி முடிந்ததுமே இரண்டுக்கும் சேர்த்து இடம் தரும் படிப்புகள் சில இருந்தாலும் அவற்றில் இடம் மிகக் குறைவு. ‘ப்ரீமெட்’ ஒரு பட்டத்தின் பெயரும் அல்ல. எந்தப் பட்டம் வேண்டுமானாலும் படிக்கலாம், கூடவே சில பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓராண்டு உயிரியல், ஓராண்டு ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஓராண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஓராண்டு இயற்பியல், எல்லாம் லேபுடன். அதற்கு மேல் உயிர்வேதியியல், ஆங்கிலம், புள்ளியியல், உளவியல், சமூகவியல் என்று கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் கொஞ்சம் மாறும். அறிவியல் பாடங்களைக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் மருத்துவத்துக்கு வர வேண்டும் என்ற ஏற்பாடு மருத்துவக் கல்வியை ஆராய்ந்து 1910-இல் வந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு நாடெங்கும் நிலைத்துவிட்டது.

இந்தப் பாடங்களில் பெறும் கிரேடுகளைத் தனியே கூட்டி ‘சயின்ஸ் ஜிபிஏ’ (4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) என்று ஒன்று போடுவார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் இதில் சேரும். எம்டி (இங்கே முதல் மருத்துவப் பட்டமே அதுதான்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் ஒரு பாடத்தை எத்தனை முறை எடுத்தாலும் அத்தனை கிரேடுகளையும் கணக்கில் சேர்க்கும். மறுபடி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினால் பழையது அழிந்துவிடும் என்ற வழக்கம் அங்கே இல்லை. இந்த நிகழ்வில் நடந்த பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு விதியே அடிப்படை.

ஜூனில் போட்ட பட்டியல், ஜூலையில் மாறியது

புதிய மாணவர்களுக்கான ஓரியன்டேஷன் ஜூன் மாதம் நடக்கிறது. அன்றே பாடங்களைப் பதிவு செய்துவிடுவார்கள். அவளுக்கு அன்று போட்டுக் கொடுத்த பட்டியல் இது: ஜெனரல் கெமிஸ்ட்ரி 1, உயிரியல் 1, புள்ளியியல், எழுத்துப் பயிற்சி, முதலாண்டு செமினார். மொத்தம் 15 கிரெடிட்.

பள்ளியில் எழுதிய ஏபி தேர்வுகளின் (கல்லூரித் தரப் பாடங்களுக்குப் பள்ளியிலேயே எழுதுவது) முடிவு ஜூலையில்தான் வரும். சிக்கல் அங்கேதான் பிறந்தது. வேதியியலில் 4, கால்குலஸில் 5, உயிரியலில் 5 என்று முடிவு வந்தது. மூன்றுமே நல்ல மதிப்பெண்கள். 5-க்கு 4 வாங்கியதால் ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டரையும் படித்ததாகவே கணக்கில் வைத்து, 8 கிரெடிட் அவள் கணக்கில் தானாக ஏறியது. கணினியில் ஆர்கானிக் 1-க்கான பூட்டும் திறந்துகொண்டது.

வார இறுதியில் வீட்டில் உட்கார்ந்து அப்பாவும் மகளும் பட்டியலை மாற்றினார்கள். ஆர்கானிக் 1, உயிரியல் 1, கால்குலஸ் 2, இயற்பியல் 1 என்று நான்கு பாடங்கள், தலா 4 கிரெடிட். எழுத்துப் பயிற்சியை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு கிரெடிட் செமினாரை மட்டும், கட்டாயம் என்று நினைத்துக்கொண்டு, விட்டுவைத்திருந்தார்கள். அது கட்டாயமே இல்லை. ஆனாலும் பின்னால் அந்த ஒரு கிரெடிட்தான் கைகொடுத்தது.

அப்பாவின் கணக்கில் அர்த்தம் இல்லாமல் இல்லை. மூன்றே ஆண்டில் பட்டம் முடித்தால் ஓராண்டுக் கட்டணம் மிச்சம். தமிழ்ப் பள்ளியில் சந்தித்த ஒரு குடும்பத்தின் பையன் முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக் எடுத்து ஏ வாங்கியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேல், “பிளஸ் டூவில ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ் நாலும் ஒண்ணாத்தானுங்க படிச்சோம்?” என்று அவர் கேட்டதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அங்கே நான்கையும் ஓராண்டு முழுக்கப் படித்து, கடைசியில் ஒரே பொதுத்தேர்வு. இங்கே பதினைந்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். மூன்று இடைத்தேர்வு, வாரம் ஒரு க்விஸ், லேப் ரிப்போர்ட், கடைசியில் ஒரு பெரிய தேர்வு. நான்கு அறிவியல் பாடங்களை ஒன்றாக எடுத்தால், ஒரே வாரத்தில் மூன்று இடைத்தேர்வுகள் வந்து விழுவது சாதாரணம்.

ஆகஸ்ட் சந்திப்பு

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் மாணவி என்னைப் பார்க்க வந்தாள். அப்பாவும் உடன் வந்திருந்தார். நான் மூன்று விஷயங்களைச் சொன்னேன்.

முதலாவது, அவசரப்பட வேண்டியதும் வரிசை பிசகக்கூடாததும் வேதியியலில்தான். ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், பிறகு ஆர்கானிக் இரண்டு, பிறகு உயிர்வேதியியல் ஒன்று. ஒன்றை முடிக்காமல் அடுத்ததுக்குள் போக முடியாது. முழுச் சங்கிலிக்கும் ஐந்து செமஸ்டர் ஆகும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதுவதற்கு முன் இந்த ஐந்தும் முடிந்திருந்தால் நல்லது. அதனால் முதல் ஆண்டிலேயே வேதியியலைத் தொட்டுவிட வேண்டும். இயற்பியலுக்கு அப்படி ஒரு சங்கிலி இல்லை. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கால்குலஸ் 2 யாருக்காக? கால்குலஸ் 1-க்கான கிரெடிட் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவள் சேர விரும்பிய மருத்துவக் கல்லூரிகளில் எதுவும் கால்குலஸ் 2 கேட்கவில்லை. புள்ளியியலைக் கேட்கும் கல்லூரிகள் உண்டு.

மூன்றாவது ஆர்கானிக். ஏபி வேதியியல் தேர்வில் 60 கொள்குறி வினாக்களும் 7 எழுத்து வினாக்களும் சரிபாதி எடை பெறும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவார்கள். 4 என்று வந்திருக்கிறதே தவிர, எந்த அத்தியாயத்தில் ஓட்டை என்று அந்த எண் சொல்லாது. இலையுதிர் செமஸ்டர் ஆர்கானிக் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் ஆண்டு மாணவர்கள். இதே துறையில், இதே ஆசிரியர்களிடம், ஓராண்டு ஜெனரல் கெமிஸ்ட்ரியும் லேபும் முடித்துவிட்டு வந்தவர்கள். கிரேடு அவர்களோடு ஒப்பிட்டுத்தான் விழும்.

அரை மணி நேரச் சந்திப்பில் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. இயற்பியலை நீக்கிவிட்டு எழுத்துப் பயிற்சியை உள்ளே கொண்டுவர அப்பா ஒப்புக்கொண்டார். கால்குலஸிலும் ஆர்கானிக்கிலும் அசையவில்லை. மகளும், “ட்ரை பண்ணிப் பார்க்கிறேன் மேடம். முடியலைன்னா டிராப் பண்ணிக்கலாம் இல்லையா?” என்றாள். அவளுடைய முடிவு அது, நான் தடுக்கவில்லை. இறுதிப் பட்டியல்: ஆர்கானிக் 1, உயிரியல் 1, கால்குலஸ் 2, எழுத்துப் பயிற்சி, செமினார். மொத்தம் 16 கிரெடிட்.

அந்தச் சந்திப்பில் நான் வலியுறுத்தியது ஒன்றே ஒன்று: செமினாரை நீக்க வேண்டாம். “அது வேஸ்டுங்க மேடம்” என்றார் அப்பா. எதற்காகச் சொன்னேன் என்பது அக்டோபரில் தெரிந்தது.

முதல் எட்டு வாரங்கள்

முதல் இரண்டு வாரம் சுமுகமாகப் போனது. பிணைப்பு, வடிவம், பெயரிடும் முறை என்று பழகிய பாடங்கள்தான். பாடங்களைச் சுவடில்லாமல் மாற்றிக்கொள்ளும் காலமும் இதே இரண்டு வாரம்தான் என்பது துரதிர்ஷ்டம். ஒரு பாடம் கடினமா என்று தெரிவதற்குள் கதவு மூடிவிடுகிறது.

நான்காம் வார இடைத்தேர்வில் ஆர்கானிக்கில் 51. வகுப்புச் சராசரி 64. அப்போது அவளே எனக்கு மின்னஞ்சல் எழுதினாள். உடன்பயிலும் மாணவர்கள் நடத்தும் துணை வகுப்புக்கும், ஆசிரியரின் அலுவலக நேரத்துக்கும் போகச் சொன்னேன். போனாள். தினமும் இரவு ஒரு மணி வரை ஆர்கானிக் படித்தாள். அதன் விலையை உயிரியல் கொடுத்தது. முதல் தேர்வில் 88 வாங்கிய பாடம் இரண்டாவதில் 79-க்கு இறங்கியது. எட்டாம் வாரம் ஆர்கானிக் இரண்டாம் இடைத்தேர்வில் 46, வகுப்புச் சராசரி 61.

தேர்வுத்தாளோடு வரச் சொல்லியிருந்தேன். அவள் மேசையில் வைத்த முதல் பொருள் ரப்பர் பேண்ட் போட்ட ஃபிளாஷ் கார்டுக் கட்டு. கைக்கு அடங்காத கனம். அமிலங்களின் பிகேஏ மதிப்புகளை (எண் குறையக் குறைய அமிலம் வலிமையானது) நிறம் பிரித்து எழுதி வைத்திருந்தாள். எத்தனால் 16, ஃபீனால் 10, அசிட்டிக் அமிலம் 4.76 என்று தடுமாறாமல் சொன்னாள். இரண்டிலும் இருப்பது அதே ஓ-எச் தொகுதிதானே, எத்தனாலைவிட ஃபீனால் பத்து லட்சம் மடங்கு வலிமையான அமிலமாக இருப்பது ஏன் என்று கேட்டேன். யோசித்தாள். புரோட்டான் போன பிறகு ஆக்சிஜன் மீது எஞ்சும் எதிர்மின்சுமை பென்சீன் வளையம் முழுக்கப் பரவி நிலைபெறுகிறது என்ற பதில் வரவில்லை. சரி, அந்த வளையத்தில் எதிர் முனையில் ஒரு நைட்ரோ தொகுதியை மாட்டினால் அமிலத்தன்மை ஏறுமா இறங்குமா என்றேன்.

“அந்த கார்டு என்கிட்ட இல்லை மேடம்” என்றாள்.

அந்தப் பதிலைச் சோம்பலின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கட்டைச் செய்ய எத்தனை இரவுகள் ஆகியிருக்கும் என்று பார்த்தாலே தெரியும். உழைப்பு இருந்தது, அது உட்கார அடித்தளம்தான் இல்லை. அமிலம், காரம், சமநிலை, எலக்ட்ரான் எங்கே இருக்க விரும்புகிறது என்பதெல்லாம் ஜெனரல் கெமிஸ்ட்ரி ஓராண்டு முழுக்கத் திரும்பத் திரும்பப் பழக்கும் விஷயங்கள். பள்ளியில் அவற்றை ஒருமுறை கடந்து வந்திருந்தாள். லேபிலும் இதே நிலைதான். பள்ளியில் நால்வர் குழுவில் ஒருத்தியாகச் செய்தவளுக்கு, தனியாக நோட்டுப் புத்தகம் எழுதி, உருகுநிலை எடுத்து, பிழைக்குக் காரணம் சொல்வது புதிது.

அப்பாவின் தொலைபேசி அழைப்பு

இதே வாரம் அப்பா என்னை அழைத்தார். மகள் வீட்டில் சரியாகப் பேசுவதில்லை, மார்க் என்னவென்று தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா என்ற கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் மதிப்பெண் விவரம் மாணவருக்கே உரியது. அவருடைய சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் அதைப் பேச எனக்குப் பொதுவாக உரிமை இல்லை என்று விளக்கினேன்.

“ஃபீஸ் கட்டறது நானுங்க மேடம். மார்க்கை மட்டும் எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களா?”

அவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நம் ஊர்ப் பள்ளிகளில் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுப் பழகிய அப்பாக்களுக்கு இந்தச் சட்டம் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். மகளிடமே கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டாள். அடுத்த சந்திப்பில் மூவரும் உட்கார்ந்தோம்.

விலகுவதா, தொடர்வதா

பாடத்திலிருந்து விலகப் பத்தாம் வாரம் வரை அவகாசம் இருந்தது. விலகினால் மதிப்பெண் சான்றில் டபிள்யூ என்ற எழுத்து நிற்கும். ஜிபிஏவில் சேராது, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும். தேர்ச்சி மட்டும் குறிக்கும் முறைக்கு மாறலாமா என்று அப்பா கேட்டார். மேஜர் பாடங்களுக்கு எங்கள் பல்கலைக்கழகம் அதை அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், கிரேடு இல்லாத முன்தேவைப் பாடத்தை மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக ஏற்க விரும்புவதில்லை. மிச்சம் இருந்தவை இரண்டே வழிகள்.

அவர்கள் முன்னால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஆர்கானிக்கில் தொடர்ந்தால் எதிர்பார்க்கக்கூடியது சி, அதாவது 2.0. அதற்கு நேரம் போவதால் உயிரியலில் பி பிளஸ், 3.3. கால்குலஸில் பி, 3.0. மூன்றும் தலா 4 கிரெடிட். சயின்ஸ் ஜிபிஏ 2.77. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது 44 கிரெடிட் அளவுக்கு அறிவியல் முடித்திருப்பாள் என்றும், அப்போது 3.6 வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், மீதி 32 கிரெடிட்டிலும் சராசரி 3.91 வாங்க வேண்டும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏ.

விலகினால், மற்ற இரண்டிலும் அதே கிரேடு வந்தாலும் 8 கிரெடிட்டுக்கு 3.15. மீதி 36 கிரெடிட்டில் 3.70 வாங்கினால் அதே 3.6-ஐ எட்டிவிடலாம். கடினம்தான், ஆனால் மனிதர்கள் வாங்கக்கூடிய எண்.

சி மைனஸ் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். பல மருத்துவக் கல்லூரிகள் சி-க்குக் கீழே உள்ள முன்தேவைப் பாடத்தை ஏற்பதில்லை. திரும்ப எடுக்க வேண்டும். எடுத்தாலும் இரண்டு கிரேடும் ஆம்காஸ் கணக்கில் நிற்கும்.

அடுத்து உதவித்தொகை. 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் முழுநேர மாணவி என்ற தகுதி போய்விடும். 16-இல் 4 போனால் சரியாக 12. செமினாரை நீக்கியிருந்தால் 11-இல் நின்றிருப்பாள், விலகும் வழியே அடைபட்டிருக்கும். வேஸ்ட் என்று பெயர் வாங்கிய வகுப்பைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. தாளில் அந்த 12-ஐ மட்டும் இரண்டு முறை வட்டம் போட்டார்.

ஒரே ஒரு டபிள்யூவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் அனுபவம். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒன்று என்று தொடர்ந்தால்தான் கேள்வி வரும். அப்பாவுக்கு அதைவிட, “ஃபெயில் ஆன மாதிரி இருக்குமே” என்ற எண்ணம்தான் உறுத்தியது. மகள் அதுவரை பேசாமல் இருந்தாள். “அப்பா, எனக்கு பயாலஜி பிடிச்சிருக்கு. அதையாவது ஒழுங்காப் படிக்க விடுங்க” என்றாள். அவள் அன்று மாலையே விலகல் படிவத்தை அனுப்பினாள்.

வசந்தகாலமும் கோடையும்

கையில் வந்த நேரம் உடனே தெரிந்தது. உயிரியலில் ஏ மைனஸ், கால்குலஸில் பி பிளஸ்.

அடுத்து ஏபி கிரெடிட்டை என்ன செய்வது என்ற கேள்வி. இரண்டு வழிகள் இருந்தன. கோடையில் தானாகவே ஜெனரல் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கிரெடிட்டை வைத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டு ஆர்கானிக்கில் மீண்டும் நுழைவது. அல்லது 8 கிரெடிட்டைத் துறந்துவிட்டு ஜெனரல் கெமிஸ்ட்ரியை முறையாக எடுப்பது. ஒரே பாடத்துக்கு ஏபியிலும் கல்லூரியிலும் இரண்டு முறை கிரெடிட் வாங்க முடியாது. துறந்தால் மூன்றாண்டில் பட்டம் என்ற கனவு முடிந்தது.

அவள் துறந்தாள். ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகளும் உண்டு, ஏற்றாலும் அதே துறையில் மேல்நிலைப் பாடத்தை எதிர்பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. அந்தக் கவலை இதனால் தீர்ந்தது. ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. கார்டு இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்றாள்.

எங்கள் துறையில் ஜெனரல் கெமிஸ்ட்ரி 1 வசந்தகாலத்திலும் நடக்கிறது. அதோடு உயிரியல் 2, புள்ளியியல், சமூகவியல் சேர்ந்து 14 கிரெடிட். எம்கேட்டில் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் தனிப் பகுதியாக வந்துவிட்டதால் சமூகவியலை விட்டுவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. வேதியியலில் ஏ மைனஸ், உயிரியலில் ஏ, புள்ளியியலில் ஏ வாங்கினாள். ஜெனரல் கெமிஸ்ட்ரி 2-ஐக் கோடையில் இதே பல்கலைக்கழகத்தில் முடித்தாள். பக்கத்து இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் குறைவுதான், ஆனால் முன்தேவைப் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கும் மருத்துவக் கல்லூரிகள் சில உண்டு. கோடைக் கட்டணம் அப்பாவுக்குச் சுமையாகத்தான் இருந்தது. பதினைந்து வாரப் பாடத்தைக் கோடைக்குள் அடைத்ததால் கிரேடு பி பிளஸ்ஸில் நின்றது. முதலாண்டு முடிவில் சயின்ஸ் ஜிபிஏ 23 கிரெடிட்டுக்கு 3.65.

இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் ஆர்கானிக் 1-இல் மீண்டும் உட்கார்ந்தாள். ஜூனில் போட்ட முதல் பட்டியலையே பின்பற்றியிருந்தாலும் அதே ஆகஸ்டில், அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பாள். குறுக்குவழியால் ஒரு செமஸ்டர்கூட மிச்சமாகவில்லை. ஒரு டபிள்யூ, ஒரு கோடைக் கட்டணம், தூக்கம் கெட்ட எட்டு வாரங்கள் ஆகியவை செலவுக் கணக்கில் ஏறின.

பிறகு நடந்தது

ஆர்கானிக் 1-இல் பி பிளஸ், ஆர்கானிக் 2-இல் ஏ மைனஸ். மூன்றாம் ஆண்டில் உயிர்வேதியியலும் இயற்பியல் இரண்டு செமஸ்டரும். பட்டம் நான்கு ஆண்டில் முடிந்தது. நான்காம் ஆண்டு ஜனவரியில் எம்கேட் எழுதி 509 வாங்கினாள். (472-இல் தொடங்கி 528 வரை போகும் அளவு அது.) பட்டம் பெற்ற பிறகு விண்ணப்பித்துவிட்டு, ஓராண்டு ஒரு கிளினிக்கில் மருத்துவர் பேசுவதைக் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலை பார்த்தாள். பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே ஓராண்டாவது விடுபவர்கள்தான் இன்று பெரும்பான்மை. ஆனாலும் வீட்டில் அந்த ஓராண்டைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவது எளிதாக இல்லை.

எம்டி கல்லூரி ஒன்றில் காத்திருப்புப் பட்டியலில் நின்றாள், அழைப்பு வரவில்லை. டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது, சேர்ந்தாள். “டிஓன்னா முழு டாக்டர்தானுங்களா?” என்று அப்பா கேட்டார். ஆம், அமெரிக்காவில் மருந்தெழுதவும் அறுவை செய்யவும் எம்டிக்கு உள்ள அதே உரிமை டிஓவுக்கும் உண்டு. பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சி இடங்களையும் 2020 முதல் இரு சாராருக்கும் ஒரே அங்கீகார ஏற்பாட்டின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள்.

டபிள்யூ பற்றி ஒரே ஒரு நேர்காணலில் கேட்டார்கள். ஏபி மதிப்பெண்ணை நம்பி மேலே ஏறினேன், அடித்தளம் போதவில்லை, கிரெடிட்டை விட்டுக்கொடுத்துத் திரும்பப் படித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

எம்டி இடம் கிடைக்காததற்கு முதல் செமஸ்டர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எம்டியில் சேருபவர்களின் சராசரி எம்கேட் 511, 512-ஐ ஒட்டி இருக்கிறது. அவள் அதைவிடச் சற்றுக் கீழே இருந்தாள். ஆர்கானிக்கில் தொடர்ந்து சி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் ஒரு நிகழ்வை மட்டும் வைத்து நிறுவ முடியாது. தாளில் போட்ட கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

எதை மாற்றலாம்

எங்கள் அலுவலகத்தில் ஒன்று மாறிவிட்டது. ஏபி முடிவு வரும் ஜூலை வாரத்தில், வேதியியல் கிரெடிட் ஏறிய ப்ரீமெட் மாணவர்களுக்கெல்லாம் ஒரு மின்னஞ்சல் போகிறது. பட்டியலை மாற்றுவதற்கு முன் ஒரு ஃபோன் போடுங்கள் என்பதுதான் செய்தி. ஆர்கானிக்கில் நேரே நுழைய விரும்புபவர்களுக்கு, இங்கே ஜெனரல் கெமிஸ்ட்ரி 2-க்கு வைத்த பழைய இறுதித் தேர்வைக் கொடுத்து, வீட்டில் நேரம் வைத்து எழுதிப் பார்க்கச் சொல்கிறோம். 4-ஆ 5-ஆ என்ற எண்ணைவிட அந்தத் தாள் அதிகம் சொல்கிறது. அதை நன்றாக எழுதிவிட்டு முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக் எடுத்து ஏ வாங்கியவர்களும் இருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிப் பையன் அந்த ரகமாக இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களை இழுத்துப்பிடித்து ஓராண்டு சலிப்படைய வைப்பதும் சரியில்லை. இதில் எல்லோருக்கும் ஒரே விதி போட வேண்டும் என்று வேதியியல் துறையில் சிலர் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை.

முதல் செமஸ்டரில் லேபுள்ள அறிவியல் பாடம் இரண்டு போதும் என்பது என் கருத்து. மூன்றாவதாகக் கணிதம் வேண்டுமென்றால் புள்ளியியல். கால்குலஸ் 2 அவளுக்கு ஒரு பி பிளஸ்ஸைத் தந்ததைத் தவிர வேறெதற்கும் பயன்படவில்லை, அந்த நேரம் உயிரியலுக்குப் போயிருக்க வேண்டும். மொத்தத்தில் 15 அல்லது 16 கிரெடிட் இருந்தால், ஒரு பாடம் கவிழ்ந்தாலும் 12-க்குக் கீழே போகாமல் விலகிக்கொள்ள இடம் இருக்கும். 13 கிரெடிட் எடுத்துப் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு அந்த இடம் இல்லை என்பது பலருக்கும் உறைப்பதில்லை.

அந்தக் குடும்பத்தின் இரண்டாவது பிள்ளை இப்போது பள்ளிக் கடைசி ஆண்டில் இருக்கிறான். அவனுக்கு மருத்துவத்தில் ஆர்வம் இல்லை, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கேட்கிறான். அவனுக்குக் கால்குலஸ் 2 முதல் செமஸ்டரிலேயே தேவைப்படும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.